ராமாயி வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

6 செப்டம்பர் 1924, சேலம்

வெள்ளக் கஷ்ட நிவாரண சங்கத்தின் கூட்டம். காவிரி ஆடியிலேயே வந்து ஊர்களை வாரிக்கொண்டு போய்விட்டது. ஆவணி முடியப்போகிற சமயத்தில் எங்களுக்கு மனம் இளகியிருக்கிறது. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டிய புதூர் எங்கள் பங்கு. முதலில் யார் போவது? காரியதரிசி மஸ்தான் ஹாஜியாருக்கு முழங்கால் வலி. பொருளாளர் வீட்டில் நிக்காஹ். சாக்குக் கடை வைத்திருக்கிற எனக்கு மட்டும் வலியும் இல்லை, வேலையும் இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

புறப்படும்போது ஹாஜியார் சொன்னார்: "நாங்க படம் பிடிக்கிறவரோட மோட்டார்ல பின்னால வர்றோம். அதுவரைக்கும் இடிஞ்சது இடிஞ்சபடியே இருக்கட்டும், பக்கீர் முகம்மது. யாரையும் தொடவிடாதீங்க."

8 செப்டம்பர்

சங்ககிரி வரை ரயில். அப்புறம் மாட்டுவண்டி. எலும்பெல்லாம் இடம் மாறிவிட்டது.

வண்டியில் அரிசி மூட்டைகளும் சேலைக் கட்டும் இருக்கின்றன; அதில் குறையில்லை. சேலத்துப் பெரிய மனிதர்கள் தனியாகத் தந்த தர்மம்தான் என் மடியில் இருக்கிறது: வெல்வெட் கோட்டு ஒன்று, இடது காலுக்கு மட்டும் ஜோடு, அரை புட்டி பன்னீர். வெள்ளத்தில் நனைந்தவர்கள் மேல் தெளிக்கவா?

9 செப்டம்பர், புதூர்

வந்ததும் ஏமாற்றம். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. ஊர் நன்றாக இருந்தது! புதுச் சுவர்கள், புது ஓலைக்கூரை, வாசலில் கோலம். இதைப் பார்க்கவா இத்தனை தூரம் குலுங்கி வந்தேன்?

மணியக்காரர் வெள்ளியங்கிரிக் கவுண்டர் என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துகொண்டார். "வாங்க ராவுத்தரே, பாக்கறதுக்கு ஒண்ணு இருக்குதுங்க" என்று வண்டித்தடத்து ஓரமாக அழைத்துப் போனார். அங்கே ஒரு வீடு. ஒரு பக்கம் சுவரே இல்லை. மறுபக்கச் சுவர் சாய்ந்து நிற்கிறது, மேலே முறிந்த விட்டம் தொங்குகிறது. இடிந்தால் இப்படி அல்லவா இடிய வேண்டும்!

பக்கத்து மாட்டுக்கொட்டாயிலிருந்து நிறைமாதத்தை நெருங்கிய ஒரு பெண் வந்தாள். வீட்டுக்காரி ராமாயி. யாரும் சொல்லாமலே சுவருக்கு அருகில் போய், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றாள். பிறகு என்னைக் கேட்டாள்:

"அழுவோணுங்களா, நின்னாப் போதுமுங்களா?"

 வந்த காரியத்தை மட்டும் நான் மறக்கவில்லை. மோட்டாரில் ஆட்கள் வருகிறார்கள், அதுவரை இதைத் தொட வேண்டாம் என்று ஹாஜியாரின் செய்தியைச் சொல்லிவிட்டேன். "அதை நீங்க சொல்லோணுங்களா?" என்றார் கவுண்டர் பெருமையாக. "தொடாமத்தானுங்க வெச்சிருக்கறோம்."

10 செப்டம்பர்

நான் சமைத்ததை அவர்கள் தொடமாட்டார்கள். அவர்கள் அறுத்ததை நான் தொடமாட்டேன். களியும் கீரையும் எங்கள் இருவருக்கும் சமாதானம் செய்து வைத்திருக்கின்றன. மூன்று வேளையும் சமாதானமாகவே இருக்கிறோம்.

11 செப்டம்பர்

ராமாயியின் புருஷன் சென்னியப்பனோடு பேசிக்கொண்டிருந்தேன். ஏன் இன்னும் கட்டவில்லை என்று கேட்டேன், பெரிய புத்திசாலிபோல.

"ஆடில ஊடு ஆரம்பிக்கமாட்டமுங்க. ஆவணிதான் நல்ல மாசம். ஆவணி பூராவும் மாத்தி மாத்தி ஆளுங்க பாக்க வந்தாங்க. இருக்கட்டும், இருக்கட்டும்னு மணியக்காரரு சொல்லிப்போட்டாரு. அடுத்த வாரம் புரட்டாசி பொறந்துருமுங்க. புரட்டாசில நெலை நடப்படாதுங்க. ஆவணிலயே நட்டுட்டா, மேல செவுரு வெச்சுக்கலாம், தப்பில்லீங்க."

"ஐப்பசியில் ஆரம்பித்தால்?"

"ஐப்பசில மழையில்லீங்களா? மண்செவுரு ஒரு வரி காஞ்சாத்தான அடுத்த வரி வெக்கோணும்?"

ஆகக் கணக்கு இதுதான். இந்த வாரம் வாசல்நிலை நட்டால் வீடு. இல்லாவிட்டால் தை வரை மாட்டுக்கொட்டாய், மழையில், கைக்குழந்தையோடு. அந்தக் கடைசி வாரத்தையும் பிடுங்கிக்கொள்ள நான் அரிசி மூட்டையோடு வந்து சேர்ந்திருக்கிறேன். தொடாதீங்கன்னு சொல்றேன்! பன்னீர் வேற கொண்டாந்திருக்கேன்! என்ன மனுஷங்கடா நாங்க?

12 செப்டம்பர், வெள்ளிக்கிழமை

இங்கே பள்ளிவாசல் இல்லை, ஜும்ஆ இல்லை. ஆற்றங்கரையில் தனியாக லுஹர் தொழுதேன். காவிரி பரம சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் தெரியாததுபோல.

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று நபிகள் நாயகம் சொன்னார்கள். எங்கள் சங்கத்தில் வலக்கை கொடுக்க நீளும்போதே இடக்கை படம் பிடிக்கிறவரைக் கூப்பிடுகிறது.

கவுண்டரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. "ராவுத்தரே, ஊர்ல எல்லாப் பேரும் கூரை போட்டது எதுலீங்க? இந்த ஊட்டைப் பாத்துப்போட்டு வந்தவங்க குடுத்ததுலதானுங்க. வெதை நெல்லு இன்னும் வரலீங்க. அதுவரைக்கும் இது நிக்கட்டுமுங்க."

"பிள்ளைத்தாச்சி கொட்டாயில் கிடக்கிறாளே?"

"என்ற ஆத்தா என்னையக் காட்டுலதானுங்க பெத்துது."



14 செப்டம்பர்

சென்னியப்பனிடம் கடப்பாரை வாங்கினேன். எதற்கு என்று அவன் கேட்பதற்குள் சாய்ந்த சுவரில் ஒரு குத்துக் குத்தினேன்.

சுவர் அசையவில்லை. காவிரிக்கே மசியாத சுவர் சாக்கு வியாபாரிக்கா மசியும்? குத்தினேன், குத்தினேன். உள்ளங்கை கொப்பளித்தது, தொப்பி நழுவியது. வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. சென்னியப்பன் மட்டும் கவுண்டர் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். ராமாயி வந்து கடப்பாரையை என் கையிலிருந்து பிடுங்கிப் புருஷன் கையில் திணித்தாள். "அவிய கையப் பாரு, வெந்து கெடக்குது. நீ பராக்குப் பாத்துட்டு நிக்கற! உன்ற ஊடா, அவிய ஊடா?"

அவன் ஓங்கி நாலு குத்துக் குத்தினான். சுவர் விட்டத்தோடு விழுந்தது. சங்கம் பார்க்க இருந்த அழகெல்லாம் மண்மேடாகிவிட்டது.

கவுண்டர் ஓடிவந்தார். நான் முந்திக்கொண்டேன். "இடித்தது நான். வருகிறவர்கள் கேட்டால் என்னைக் கைகாட்டுங்கள். விதை நெல்லுக்கும் நானே பொறுப்பு." சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஹாஜியாரைவிட என் வீட்டுக்காரியை நினைத்து.

கவுண்டர் மண்மேட்டைச் சுற்றி வந்து, விழுந்த விட்டத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு சென்னியப்பனைத் திட்டினார். "இன்னும் என்னடா நின்னுட்டிருக்கற? ஆவணில நாளு மிச்சமிருக்குது, நெலையை நடு. என்ற வண்டியக் கட்டி மண்ணடிச்சுக்க."

15 செப்டம்பர்

மரநிலைக்கு மஞ்சள் பூசி, பூச்சுற்றி நட்டார்கள். நான் தள்ளி நின்று வாய்க்குள்ளேயே பிஸ்மில்லா சொல்லிக்கொண்டேன். வெல்வெட் கோட்டைக் கவுண்டருக்குக் கொடுத்தேன். மறுக்காமல் போட்டுக்கொண்டார். அவருக்கு நன்றாகவே இருந்தது.

17 செப்டம்பர், சேலம்

இடிந்த வீட்டையும் வீட்டுக்காரியையும் பற்றி ஹாஜியாரிடம் சொன்னேன்; சுவரைத் தள்ளியதை மட்டும் சொல்லவில்லை. முழங்கால் வலி தீரவில்லையாம். மனவலியும் எதற்கு?

30 செப்டம்பர்

விதை நெல் புதூருக்குப் போய்விட்டது, என் செலவில். சங்கம் இன்னும் யோசிக்கிறது. என் மனைவி மூன்று நாளாகப் பேசவில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது என்று எழுதலாம், ஆனால் இல்லை.

26 அக்டோபர்

கடைசியில் மோட்டார் புறப்பட்டது. ஹாஜியார், மூன்று கனவான்கள், கறுப்புத் துணியும் பெட்டியுமாகப் படம் பிடிக்கிறவர். மூலையில் நான்.

புதூரில் இறங்கியதும் ஹாஜியார் முகம் தொங்கிவிட்டது. நாற்றங்கால் பச்சென்று இருந்தது. "வெள்ளம் இந்த ஊருக்குத்தானே வந்தது?" என்று கேட்டார்.

"ஆமாங்க. வந்துபோட்டுப் போயிருச்சுங்க" என்றார் வெல்வெட் கோட்டுக் கவுண்டர்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். "அந்த இடிஞ்ச வீடு?" வண்டித்தடத்து ஓரத்தைக் காட்டினேன். நாலு சுவரும் ஓலைக்கூரையும் கதவும். ஐப்பசி பிறந்த அன்று பால் காய்ச்சிக் குடிபோனார்களாம். மறுநாளே ராமாயிக்குப் பெண் குழந்தை.

"சரி, அந்த அம்மாவையாவது கொஞ்சம் வெளியே வந்து நிக்கச் சொல்லுங்க" என்றார் ஹாஜியார். மழை தூற ஆரம்பித்திருந்தது.

ராமாயி குழந்தையை மாராப்புக்குள் அணைத்தபடி வாசலுக்கு வந்தாள். குடைகளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"பச்சக் கொழந்தைங்க. சாரல் அடிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மழை வலுத்தது. எதைப் படம் எடுப்பது என்று பெட்டிக்காரர் கேட்டார்.