கோடையில் கழுவிய டியூப்கள்

செங்கல்பட்டு
4.7.2003, வெள்ளி

அன்புள்ள அனுவுக்கு,

ஹபீபா எழுதுகிறேன். இறைவன் அருளால் வீட்டில் எல்லோரும் சுகம். ஜெர்மனிக்குப் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது, அந்த ஊர் ரொட்டி உனக்குப் பழகியிருக்கும்.

ஈமெயில் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் துறையின் கம்ப்யூட்டர் துறைத் தலைவர் சம்பத் சார் அறையில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. இதை வேறு யார் பார்ப்பதற்கும் முன்னால் நீ படிக்க வேண்டும். சார் தன் மகளின் பிரசவத்துக்காகத் திருச்சி போயிருக்கிறார், இருபதாம் தேதிதான் வருவார்.

மழை இன்னும் இல்லை. ஆனால் கல்லூரியில் புது போர் போட்டு, முந்நூற்றைம்பது அடியில் தண்ணீர் வந்துவிட்டது. போன ஞாயிறு மாமல்லபுரத்தில் அண்ணன் அதீபின் கடைக்குப் போனவள், அப்படியே கல்பாக்கம் குடியிருப்புக்கும் போய் உன் அம்மாவைப் பார்த்து வந்தேன். நீ இருபத்துநான்காம் தேதி அங்கே மாநாட்டு மேடையேறிப் பேசப் போவதை மாடி வீடு, கீழ் வீடு, இஸ்திரிக் கடை வரைக்கும் சொல்லிவிட்டார். எனக்குக் கேசரி கிண்டிக் கொடுத்து, “நீ இல்லேன்னா அவளுக்கு இது கெடச்சிருக்காதும்மா” என்றார். கேசரியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன், வரிசையாக எழுதினால்தான் எதையும் விடாமல் சொல்வேன்.

நாம் செய்த ருத்தேனியம் சேர்மம் தண்ணீரில் இருண்டு கிடக்கும். டி.என்.ஏ. இழைகளுக்கு நடுவே செருகிக்கொண்டால் சிவப்பாக ஒளிரும். எல்லோரும் படித்த இரட்டை இழையில் கொஞ்சமாக ஒளிர்ந்தது. குரோமோசோமின் நுனியில் நான்கு இழையாக மடிந்துகொள்ளும் அந்த விநோத டி.என்.ஏ.வில் அதைப்போல எட்டு மடங்கு ஒளிர்ந்தது. அந்த எட்டு மடங்கை நம்பித்தான் உன் பேச்சு, நம் கட்டுரை, நீ அங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்கப்போவது எல்லாமே.

இரட்டை இழையை அளந்தது பிப்ரவரியில். நான்கு இழையை அளந்தது மே மாதம். மே எப்படி இருந்தது என்று நீ மறந்திருக்க மாட்டாய். லாரித் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நடை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தால்தான் நம் டிஸ்டில்டு வாட்டர் மெஷின் வேலை செய்யும் என்பதால் அதையும் நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே கேனை நான்தான் பூட்டி வைத்துச் செலவழித்தேன்.

எங்கள் உம்மா எந்தப் பாத்திரத்தையும் மூன்று தண்ணீரில் அலசாமல் அடுக்க மாட்டார். அந்தப் பழக்கத்தை லேப்புக்குக் கொண்டுவந்தவள் நான். சோப்பு போட்ட டியூபை மூன்று முறை அலசு என்று உன்னையே விரட்டியிருக்கிறேன். மே மாதம் மூன்றை ஒன்றாக்கினேன். உன்னிடம் சொல்லவில்லை. ஒரு கேனை இருபது நாள் ஓட்டிவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. டி.என்.ஏ. இல்லாத வெற்று டியூபை மறுபடி அளக்க வேண்டாம், பிப்ரவரி எண்ணே போதும் என்று சொன்னதும் நான்தான். நீ தலையாட்டினாய், உன் தப்பு அவ்வளவுதான்.

போன மாதம் இருபத்தாறாம் தேதி, கட்டுரைக்குப் படம் எடுக்க மே மாதம் கழுவி அடுக்கிய டியூப் ஒன்றில் தண்ணீரும் சேர்மமும் மட்டும் ஊற்றிப் புற ஊதா விளக்கடியில் வைத்தேன். இருட்டாக இருக்க வேண்டியது. பாட்டில் எடுக்க வந்த அட்டெண்டர் ஜெபகுமார் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, உள்ள ஒண்ணும் போடலன்ற, இப்டி எரிஞ்சிகினு கீது” என்றார்.

அதே டியூபை மூன்று முறை அலசி, மறுபடி தண்ணீரும் சேர்மமும் ஊற்றினேன். அணைந்துவிட்டது. சுத்தமான இன்னொன்றில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். எரிந்தது. தண்ணீரிலிருந்து ஒதுங்க ஓர் இடம் கிடைத்தால் போதும், சோப்பைப் பார்த்தும் பல்லிளிக்கிறது நம் சேர்மம். பிறகு நன்றாக அலசிய டியூபில் நான்கு இழையை ஐந்து முறை அளந்தேன். எட்டு மடங்கு இல்லை அனு. ஒன்றேகால் மடங்கு.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை. கட்டுரையில் என் பெயர் வந்தால்தான் இங்கே எனக்கு வேலை நிரந்தரமாகும், உனக்கே தெரியும். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது. உன் பேச்சைக் கேட்டு யாராவது சுத்தமான டியூபில் செய்து பார்த்தால், மேடையில் நின்றவள் நீ, தண்ணீரை மிச்சம் பிடித்தவள் நான். என்னால் உனக்கு அந்தப் பெயர் வரக் கூடாது.

இரண்டு முறை ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனேன். அந்தப் பக்கம் மணி அடித்ததும் வைத்துவிட்டேன். பயம்தான்.

அளந்த தாள்களின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கணக்கையும் நம்ப வேண்டாம். சேர்மம் உன்னிடம் இருக்கிறது, அங்கே தண்ணீருக்கும் பஞ்சமில்லை. ஒரு டியூபை மூன்று முறை அலசிவிட்டு நீயே பார். ஒளிர்ந்தால் என்னைத் திட்டு. ஒளிராவிட்டால் அதைவிட அதிகமாகத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை, உங்கள் நேரம் காலை பத்து மணிக்கு போன் செய்வேன். இந்த முறை வைக்க மாட்டேன். இறைவன் உன்னை எந்த மேடையிலும் தலைகுனிய விடாமல் காக்கட்டும். மணி அடித்தால் நான்தான். எடுத்துவிடு அனு.

உன் தோழியாகவே இருக்க விரும்பும்,
ஹபீபா