ஒட்டுக்கு மேலே முளைத்த வேர்

என் பெயர் இரா. சென்னியப்பன். நம் ஆராய்ச்சி நிலையத்து உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் செயலர். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எழுதுகிறவன் யார், எதற்காக எழுதுகிறான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது என் பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கேலி செய்வது உங்கள் பழக்கம். எதற்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தவறென்று முடிவுகட்டிவிட்டுப் போன ஒரு கருத்து, தவறாக இல்லாமல் இருக்கலாம். அதைத் தெரிவிக்கவே இந்த மடல்.

என் மேலங்கியின் கையில் இன்னும் தக்காளி இலை வாசம் இருக்கிறது. துவைத்தும் போகவில்லை. சமையலறையில் கிடக்கும் பழத்தின் வாசமல்ல அது. காம்பைக் கிள்ளினால் விரலில் ஏறுமே, பச்சையும் கசப்பும் கலந்த அந்த நெடி. கல்லூரியில் நாம் ஒரே வகுப்பில் படித்த காலத்திலேயே அது உங்கள் புத்தகங்களிலும் அடிக்கும். கிணத்துக்கடவுச் சந்தைக்குத் தக்காளி அனுப்பிவிட்டு வகுப்புக்கு வருகிறவர் நீங்கள். நகரத்து மில் குடியிருப்பில் வளர்ந்த எனக்கு அந்த நெடி புதிது.

சென்ற வாரம் பசுமைக்குடிலில் மிஞ்சியிருந்த உங்கள் ஒட்டுச் செடிகளைப் பிடுங்கினேன். பொறுப்பு விஞ்ஞானி இல்லாமல் போனால், வேறொருவர் முன்வராத நிலையில், செடிகளையும் விதைகளையும் அழித்துவிட வேண்டும் என்பது விதி. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆகவே செடிகளை நானே பிடுங்கினேன். முதல் தொட்டியைக் கவிழ்த்து வேரை உதறியபோதுதான் ஒட்டு போட்ட இடத்தில் நீங்கள் மாட்டிய நீலக் கவ்வி கண்ணில் பட்டது. அது மண்ணுக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேலே, தண்டின் பக்கத்திலிருந்து, வெள்ளை வெளேரென்று புதிய வேர்கள் கிளம்பியிருந்தன. அடுத்த தொட்டியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

அந்த வேர்கள் அங்கே இருக்கக் கூடாதவை. ஏன் என்பது உங்களுக்கு உடனே விளங்கியிருக்கும். எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

உங்கள் கேள்வி எளிமையானது. மண் காய்வது வேருக்குத்தான் முதலில் தெரிகிறது; ஆனால் ஈரத்தைக் காக்கத் தன் துளைகளை மூடிக்கொள்வது இலை. நடுவில் இத்தனை நீளத் தண்டு இருக்க, வேர் இலைக்கு எப்படிச் சொல்கிறது? ஒரு சிறு புரதத் துணுக்குதான் அந்தச் செய்தி என்பது உங்கள் கருத்து. அதை உண்டாக்கும் மரபணுவைத் திருத்தி முடக்கினால் வேர் ஊமையாகிவிடும். அந்த ஊமை வேரின்மேல் சாதாரணத் தக்காளியின் தலையை ஒட்டுக் கட்டித் தண்ணீரை நிறுத்தினால், செய்தி கிடைக்காத இலை துளைகளைத் திறந்தே வைத்திருந்து சீக்கிரம் வாடிவிட வேண்டும். அப்படி வாடினால் உங்கள் கருத்து சரி. எந்தச் சொல் மேலே போகிறதென்று தெரிந்துவிட்டால், அதைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லும் செடியை உருவாக்கலாம். ஆழ்துளைக் கிணறு வற்றிப்போன ஒரு கோடையைத் தாண்டும் தக்காளி அது. உங்கள் ஊருக்கு வேண்டியதும் அதுதான்.

ஒட்டுச் செடிகள் வந்த முதல் நாளே எனக்கும் உங்களுக்கும் வழக்கு. ஒரு செடிக்கு ஒரு பெயரட்டை என்பது விதி. நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

“ஏனுங்க செயலரே, இடுப்புக்குக் கீழ ஒருத்தி, மேல ஒருத்தி. இவளை எந்தப் பேரைச் சொல்லிக் கூப்புடறதுங்க?”

விதிப்புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. இரண்டு நாள் யோசித்து, இரண்டு அட்டை என்று தீர்ப்புச் சொன்னேன்: கீழ்ச்செடியின் பெயர் மண்ணில் குத்தும் அட்டையில், மேற்செடியின் பெயர் தண்டில் கட்டும் அட்டையில். எப்படிக் குத்துவது என்று காட்ட ஒரு தொட்டியில் நானே குத்தினேன், தண்டை ஒட்டி, நேராக. நீங்கள் அதற்குச் ‘செயலர் செடி’ என்று பெயர் வைத்தீர்கள். உங்க சொத்து, நான் கை வைக்கமாட்டேனுங்க என்று கும்பிடும் போட்டீர்கள்.

அடுத்த வழக்கு பழத்தைப் பற்றியது. மேலே காய்ப்பது சாதாரணத் தக்காளிதானே, அதில் திருத்தம் ஏதுமில்லையே, ஒரு ரசம் வைத்தால் என்ன குற்றம் என்று கேட்டீர்கள். கேள்வி நியாயமானதுதான். மரபணு வேரோடு நின்றுவிட்டது. ஆனால் வேர் சொன்னதும் சொல்லாததும் பழம்வரை போயிருக்குமே, அப்போது அந்தப் பழம் யாருடையது? அன்று மாலை முழுதும் அதைப் பேசினோம். முடிவில், முழுச் செடியும் ஆட்டோகிளேவுக்கே என்று நான் சொன்னேன். அழுத்த நீராவியில் வெந்து சிவந்து வந்த கூழை நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

“பாதி ரசம் நீங்களே வெச்சுப்போட்டீங்க. மொளகுந்தான் பாக்கி.”

தண்ணீரை நிறுத்திய வாரம் உங்களை அப்படிப் பதற்றத்தோடு நான் பார்த்ததே இல்லை. செடிகள் வாடவில்லை. சற்றுத் தாமதமாக, ஆனால் ஒழுங்காக, துளைகளை மூடிக்கொண்டு நின்றன. ஒன்றே ஒன்று மட்டும் துவண்டு தலையைத் தொங்கப் போட்டது. அது செயலர் செடி. சட்டம் பேசினால் செடிகூட வாடிவிடும் என்று ஆய்வுக்கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். ஒட்டு சரியாகக் கூடவில்லை என்று அதை ஒதுக்கினீர்கள். அதில் விதிமீறல் ஏதும் இல்லை. கூடாத ஒட்டை ஒதுக்குவது வழக்கம்தான்.

பிறகு உங்கள் நோய், சிகிச்சை, அவிநாசி சாலை மருத்துவமனை. நான் ஆரஞ்சுப் பழத்தோடு வந்த நாளில் உடம்பைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

“எங்கணக்குத் தப்புங்க. வேர் வாயைக் கட்டியும் இலைக்குச் சேதி போயிருக்குது. வேற என்னமோ பேசுது. அது என்னன்னு தெரியாமப் போறேன் பாருங்க, அதான்.”

அந்த ‘அதான்’ எனக்குப் போதவில்லை.

உங்கள் காரியமெல்லாம் முடிந்தபின், சென்ற சனிக்கிழமை உங்கள் கணவர் உங்கள் அறையைக் காலி செய்ய வந்தார். பிடுங்கிய செடிகள் மேசையில் கிடந்தன. இன்னும் பையில் கட்டவில்லை. கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்காரர் என்றாலும் தக்காளி அவருக்குத் தெரியாததல்ல. ஒரு செடியைக் காட்டி, இந்த வேர் எப்படி வந்திருக்கும் என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். அவர் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

“மண்ணு அணைச்சிருப்பாளுங்க. தக்காளித் தண்டுல மண்ணுப் பட்டா வேர் உடாம இருக்குமுங்களா? ஊட்டுல ரோசாத் தொட்டிக்குக்கூட அணைச்சுப்போட்டுத்தான் காப்பி குடிப்பா. கை சும்மா இருக்காது.”

அப்போது எனக்கு நினைவு வந்தது. நம் தொட்டிகளில் இருந்தது தென்னை நார்த்தூள். தண்ணீர் ஊற்ற ஊற்ற அது அமுங்கிக் கீழே போகும். காலையில் குடிலுக்குள் நுழைந்ததும், என்னிடம் பேசிக்கொண்டே, ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுத் தண்டைச் சுற்றி அமுக்கிவிட்டுப் போவீர்கள். தக்காளி விளைவிக்கும் வீட்டில் பிறந்த கை அது. செய்கிறோம் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. நானும் பக்கத்தில் நின்றேன். அட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவ்வியை மண் மூடியது. அதற்கு மேலிருந்த சாதாரணத் தண்டு மண்ணைத் தொட்டுத் தன் சொந்த வேரை விட்டது. திருத்தப்படாத வேர், பேசத் தெரிந்த வேர். இளசான சில வேர்கள்தாம், அதனால்தான் செய்தி தாமதமாகப் போயிருக்கிறது. ‘வேற என்னமோ பேசுது’ என்றீர்களே, அது இதுவாக இருக்கலாம்.

நீங்கள் கை வைக்காத தொட்டி ஒன்றே ஒன்று. தினம் எடுத்த புகைப்படங்களை வரிசையாகத் திறந்து பார்த்தேன். செயலர் செடியில் கடைசி நாள்வரை நீலக் கவ்வி மண்ணுக்கு மேலே தெரிகிறது. ஊமை வேர் மட்டும் இருந்த ஒரே செடி அதுதான். நீங்கள் எதிர்பார்த்தபடியே அது வாடியிருக்கிறது. நாம் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

இதை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். மகிழ்ச்சி என்னை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. ஒரு செடி சான்றாகாது. ஒட்டு நிஜமாகவே கூடாமல் வாடியிருக்கலாம். தூள் அமுங்கி வேர் காய்ந்திருக்கலாம். எனக்குத் தோன்றாத வேறு காரணமும் இருக்கலாம். நீங்கள் இருந்திருந்தால் இந்த மூன்றாவதைப் பற்றித்தான் கேட்டிருப்பீர்கள். அது என்னவென்று நானும் இரவும் பகலுமாக யோசிக்கிறேன். இந்த வயதில் ஒரு செடியைப் பற்றி இவ்வளவு ஆவல் வருமென்று நான் நினைத்ததில்லை.

திருத்திய விதைகள் குளிர்பெட்டியில் இருக்கின்றன. வரும் குழுக் கூட்டத்தில் அவற்றை அழிக்கும் தீர்மானத்தை முன்மொழிய வேண்டியவன் நான். பொறுப்பேற்க யாரும் முன்வரவில்லை. தோற்றுப்போன ஆய்வு என்றுதான் மற்றவர்களுக்குத் தெரியும். பயிர் வினையியல் படித்த எனக்குப் பொறுப்பேற்கும் தகுதி உண்டு. ஆனால் செயலராக இருப்பவர் ஆய்வுப் பொறுப்பில் இருக்கக் கூடாது. அந்த விதியும் சரியானதே. காவல் இருப்பவனும் விளைவிக்கிறவனும் ஒரே ஆளாக இருக்கலாகாது. பல ஆண்டுகளாக நான் விரும்பி உட்கார்ந்த நாற்காலி அது. எழுந்தால் மறுபடி கிடைக்காது.

ஆகவே அறிவிக்கிறேன். திங்கட்கிழமை காலை செயலர் பொறுப்பிலிருந்து விலகல் கடிதம் கொடுப்பேன். அதற்குப் பின், அதற்கு முன்னல்ல, உங்கள் ஆய்வைத் தொடர விண்ணப்பிப்பேன். விதிக்கு உட்பட்டு அனுமதி கிடைத்தால் விதைப்பேன், ஒட்டுக் கட்டுவேன், தொட்டிக்கு இரண்டு அட்டை குத்துவேன். பாதித் தொட்டிகளில் நீலக் கவ்வி கடைசிவரை வெளியே தெரியும். மறுபாதிக்கு, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்பதால், தண்டைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். அது எனக்குத் தெரியாத வேலை. உங்கள் கணவரிடம் கேட்டிருக்கிறேன். அதுக்கென்னங்க, வாங்க என்றார். ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கடவுக்குப் போய், ஒரு கைப்பிடி மண் என்றால் எவ்வளவு என்று கற்றுக்கொண்டு வருவேன்.