மேற்பரப்பில் ஒரு பொட்டு

கணபதி, கோவை
3.10.2025

அன்புள்ள பூஜிதா கண்ணுக்கு அப்பா எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம், அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

பட்டறையில் ஆயுதபூஜை நல்லபடியாக நடந்தது. லேத், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் மெஷின் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தோம். நான் வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போன நேரத்தில், ஆவணியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தபோது நீ ஆபீஸ் பீரோவில் வைத்துவிட்டுப் போன சாம்பிள் பெட்டியை உன் அம்மா எடுத்திருக்கிறாள். பெங்களூரு லேபில் அளக்கத் தேதி கிடைத்ததும் நான் காந்திபுரத்தில் கூரியர் போட வேண்டிய அதே பெட்டிதான். மகள் தொழில் செய்கிற பொருள் மட்டும் சாமி முன்னால் இல்லாமல் இருக்கலாமா என்று, காற்றுப் புகாமல் ஒட்டியிருந்த கவரைக் கத்தரித்து, நகத்தளவு சில்லு மூன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். அந்தச் சில்லுக்கு உள்ளே கரண்ட் ஓடாது, மேற்பரப்பில் மட்டும் ஓடும், ஓடுகிற எலக்ட்ரானின் சுழற்சிதான் மேலே படிந்த காந்தப் படலத்தைத் திருப்பும் என்று நீ சொன்னதை நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். மேலேதான் எல்லாம் என்பதால் சரியாக மேலேயே பார்த்து வைத்திருக்கிறாள். துடைத்து அனுப்பிவிடலாம், யாருக்குத் தெரியும் என்றார் மேஸ்திரி ரங்கராஜ். நான் அனுப்பவில்லை. ஏதோ ஒரு தப்பான அளவு வரும், நீயும் அதை நம்பி எழுதிவிடுவாய். பெட்டி அப்படியே இருக்கிறது.

அங்கே உன் லேபில் அளந்ததும் இங்கே பெங்களூரில் அளப்பதும் ஒத்துவந்தால் பெங்களூரிலேயே வேலை, தைக்கு வந்துவிடுவேன் என்று நீ சொன்னது நினைவில் இருக்கிறது. அந்த மூன்றும்தான் மிச்சம் என்றும் சொன்னாய். புதிதாகச் செய்து அளக்க இன்னும் எத்தனை காலமோ, எனக்கு வருத்தம்தான். சில்லுகள் வீணானது தெரிந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "புள்ளை சீக்கிரம் ஊட்டுக்கு வரோணும்னு வேண்டித்தானுங்க வெச்சேன்" என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி லேபில் தனியாக இருக்காதே. ஆயுளும் ஆரோக்கியமுமாக நீ நன்றாக இருக்க வேண்டும். இந்த வாரம் நீயே அம்மாவைக் கூப்பிடு. பெட்டியைப் பற்றிக் கேட்காதே. புது சாம்பிள் செய்யப் போகிறேன், வேண்டிக்கொள்ளம்மா என்று மட்டும் சொல்.

உன் அப்பா,
சென்னகேசவன்