கூப்பிடும் பட்டன் இல்லாத விளையாட்டு

மாப்ள,

இன்று காலை உன் மனைவி ஒரு துணிப்பையில் உன் கேம் பெட்டியையும் ஜாய்ஸ்டிக்கையும் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். "ஊட்ல யாருக்கும் இத ஓட்டத் தெரியலைங்க, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று போனிலும் சொன்னார். பையைத் திறந்ததும் லேசாகப் பெயின்ட் தின்னர் வாசனை. நான் பெயின்ட் கையோடு அழுத்தி அழுத்தி, வலது பக்கப் பட்டனில் பச்சைக் கறை அப்படியே இருக்கிறது. கையைக் கழுவிவிட்டுத் தொடு என்று எத்தனை தடவை திட்டியிருப்பாய்! அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு வந்தது. சரி, உனக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன் மைத்துனன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அந்தப் பெட்டியோடு வந்தது ஒரே ஒரு விளையாட்டு. அதுவும் பேஸ்பால். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரன் நீ. அந்தப் பாடிகளுக்குப் பெயின்ட் அடித்து, பூவும் பேரும் எழுதுகிறவன் நான். நமக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்? மட்டையை எப்போது வீசுவது என்பதே கடைசி வரை நமக்குப் பிடிபடவில்லை. ஆனால், அதில் ஒரு அணியை வருடக்கணக்கில் நாமே நடத்தலாம், ஆட்களோடு பேசி ஒப்பந்தம் போட்டு எடுக்கலாம் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாய். "அட, இது நம்ம தொழிலுடா!" என்றாய். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால், பட்டறை ஆபீஸ் ரூமில் நாம் இரண்டு பேரும் அந்த டிவியும்தான்.

முதலில் ஒப்பந்தம் பேச வந்தவன் பந்து எறிகிறவன். நமக்கு அவன் பவுலர். வயது முப்பத்தெட்டு, முழங்கையில் காயம் வேறு. ஏழு வருட ஒப்பந்தம் வேண்டும் என்றான். "நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் பந்து போடுவானாமா? இவனப் பெத்தவளே நம்ப மாட்டாளே" என்று சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. அடுத்தவன் நம் அணியிலேயே நன்றாக அடிக்கிறவன். ஒரே ஒரு வருடம் குறைத்துக் கேட்டோம். உடனே திரையில் அவன் பொறுமையைக் காட்டும் கோடு சிவப்பாகி, 'பேச்சு முடிந்தது' என்று எழுந்து போய்விட்டான். மறுநாள் பார்த்தால், கடைசி இடத்தில் கிடந்த ஓர் அணியில் நாம் சொன்னதைவிடக் குறைவுக்குச் சேர்ந்திருந்தான். உனக்கு வந்த கோபத்தில் ஜாய்ஸ்டிக்கை மேசைமேல் வீசினாய்.

"டீ சொல்லல, ஊரு எதுன்னு கேக்கல, எடுத்த எடுப்புல கறாரு. எந்திரிச்சுப் போறவனத் திரும்பக் கூப்புடறதுக்கு ஒரு பட்டன் வெச்சானா பாரு! இதெல்லாம் ஒரு பேச்சாடா?"

உனக்கு அது பொறுக்காதுதான். பாடி கட்ட உன்னிடம் பேச வந்த எந்த லாரிக்காரர் எழாமல் இருந்திருக்கிறார்? இரண்டு மூன்று தடவையாவது எழுவார்கள். நீயும் கேட் வரை போக விடுவாய். பிறகு உள்ளேயிருந்தே, "ஏனுங்க, டீ வந்துருச்சு, குடிச்சுப்போட்டுப் போங்க" என்பாய். அதைக் கேட்பதற்காகவே அவரும் மெதுவாக நடந்திருப்பார். பத்து வருடம் பக்கத்தில் நின்று இதைப் பார்த்தவன் நான். அந்தத் தைரியத்தில்தான் ஒருநாள் நானும் எழுந்தேன்.

பட்டறையில் என்னையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள் என்று கேட்டேன். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாய். சுருக்கென்று வந்தது. எழுந்து கேட்டுக்கு நடந்தேன். கையில் இருந்த சாவியையே இரண்டு பாக்கெட்டிலும் தேடினேன். ஸ்டார்ட் ஆன வண்டியை அணைத்துவிட்டு மறுபடியும் உதைத்தேன். நீ கூப்பிடவில்லை. அப்படியே சங்ககிரிக்குப் போய் வேறொரு பட்டறையில் சேர்ந்துகொண்டேன்.

எட்டு மாதம், மாப்ள. போன் அடிக்கும்போதெல்லாம் நீதான் என்று எடுத்தேன். முதலில் நீ கூப்பிடட்டும் என்ற வீம்பு எனக்கு. நீ ஏன் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியாது. கடைசியில் டீக்கடைக்காரர்தான் சொன்னார், உனக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் நடக்கிறது என்று. இப்படியே நீ போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று பயந்தேன். ஆனாலும் ஒரு சாக்கும் இல்லாமல் உள்ளே வர வெட்கம். பட்டறை வாசலில் நின்று, "ஹெல்மெட்ட மறந்து வெச்சுட்டுப் போயிட்டேன்" என்றேன். நான் ஹெல்மெட்டே வாங்கியதில்லை என்பது உனக்கும் தெரியும்.

பாதியாக இளைத்திருந்தாய். என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "எட்டு மாசமா வெறும் மண்டையோடவா திரிஞ்ச? வந்து உக்காருடா" என்றாய்.

டீ வருவதற்குள் கேட்டுவிட்டேன், அன்றைக்கு ஏன் கூப்பிடவில்லை என்று.

"எந்திரிக்கறவன் 'அப்ப வாரேன்'னு சொல்லோணும். வாரேன்னு சொன்னாத்தான திரும்பக் கூப்புடலாம்? எத்தன கோவத்துலயும் லாரிக்காரங்க அதச் சொல்லாமப் போனதில்ல. நீ வாயத் தொறக்காமப் போன. அந்த டிவிக்காரனாட்டம் நெசமாவே போயிட்டன்னு நெனச்சுட்டேன்."

பத்து வருடமாகக் கேட்ட சொல். அதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. கோபத்தில் சரியாக அதையே விழுங்கியிருக்கிறேன். என்னை வெறுத்துவிட்டாய் என்று எட்டு மாதம் நினைத்திருந்தேன். நீயோ நான் உன்னை வெறுத்துவிட்டேன் என்று இருந்திருக்கிறாய். கூட்டுத் தொழிலை அந்த டீ ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்தது ஐந்து மாதம். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ஆடினோம். அந்த முழங்கைக் காயக்காரன் திரும்ப வந்தபோது, "ஏழு வருசம் கேக்கறானா? குடுத்துரு. பாவம், ஆசப்படறான்" என்றாய். நான் பட்டனை அழுத்தினேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்த சாயங்காலம், நேரமாகிவிட்டது என்று நர்ஸ் சொன்னார். நீ கண்ணை மூடிப் படுத்திருந்தாய். தூங்குகிறாய், எழுப்ப வேண்டாம் என்று கதவு வரை போய்விட்டேன். பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்து, உன் காதோரம் குனிந்து, "அப்ப வாரேன் மாப்ள" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "ம்... பாத்துப் போ" என்றாய். மறுநாள் விடிவதற்குள் போன் வந்தது.

எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். நானும் நன்றாக அழுதேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நான் உன்னிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.