ஹட்டன் ஷெட்டில் தொண்ணூத்தஞ்சு

ஜூலை 9, செவ்வாய்

ஸ்கூல் மீட்டிங்குக்காக இன்னைக்குத்தான் முதல்தடவையா என் ஸ்கூட்டியில ஹட்டன் போனேன். திரும்புறப்போ பெட்ரோல் ஷெட்டில நிறுத்தினேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அங்க பெட்ரோல் அடிக்கிற ஆள் விலை கூடின தொண்ணூத்தஞ்சு ஆக்டேன் பம்பைக் கையில எடுத்துட்டார்.

"தொண்ணூத்திரண்டு போதுங்க"ன்னேன்.

"இந்த ஸ்கூட்டிக்கு ஞாயித்துக்கிழமையில இதத்தானே அடிக்கிறோம். ஐயா வரலீங்களா?"

ஞாயித்துக்கிழமையில என் வீட்டுக்காரர் இதை எடுத்துக்கிட்டு அவங்க அம்மாவைப் பார்க்க உடப்புசல்லாவைக்குப் போறதாத்தான் சொல்றார். எங்க தலவாக்கலையில இருந்து ஹட்டன் அதுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

சாயங்காலம் தேத்தண்ணி கொடுக்கிறப்போ சும்மா கேட்டேன்: "ஸ்கூட்டிக்கு இனிமே தொண்ணூத்தஞ்சு அடிப்போமா?"

கோப்பையில இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "எதுக்கு வீணா? நான் ஒருநாளும் அதை அடிச்சதே இல்ல."

அவர் அடிச்சாரான்னு நான் கேட்கவே இல்லையே.