படையலில் வைத்த பிராந்தி

ஆவணி 13, ஞாயிறு

அம்மா விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டாள். மன்னிக்கட்டும், எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

மூளையில் ரத்தம் கசிந்து இறந்த பெரியப்பாவுக்கு இன்று கருமாதி. படையலில் அவருக்குப் பிடித்த பிராந்தியையும் வைத்தார்கள். கும்பிட்டு முடித்ததும் அண்ணன்தான் அதை எடுத்துக் குடித்தான். கொஞ்சமும் தள்ளாடவில்லை.

“அப்படியே பெரியப்பன் ரத்தம் மாப்ள! எம்புட்டு ஊத்துனாலும் ஏறாது,” என்று மாமா அவன் முதுகில் தட்டினார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். “என்னடி மொறைக்கிற? ஒங்க நர்சிங் காலேஜ்ல இதுக்கும் பாடம் இருக்கா?”

“இருக்குண்ணே,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பாடம் இருக்கத்தான் செய்கிறது. மதுவை உடல் சிதைக்கும் விதம் மரபணுவால் ஆளுக்கு ஆள் மாறும். போதை ஏறாதவன் தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பி இன்னும் குடிப்பான். ரத்த அழுத்தம் மட்டும் சத்தமில்லாமல் ஏறும். பெரியப்பாவும் கடைசிவரை தள்ளாடியதே இல்லை.

அண்ணன் கூடத்தில் தூங்குகிறான். குறட்டை நிற்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்க்கிறேன். பகலில் அத்தனை பேர் முன்னால் கேட்க வாய் வரவில்லை.

அண்ணே, காலையில என்கூட அன்னவாசல் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரே ஒரு தடவை பிரஷர் பாத்துக்கண்ணே.