பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து நடந்தபோது

நம் மகளுக்குப் பிரசவம் ஆபரேஷனில் முடிந்தது. தையல் சீக்கிரம் ஆறட்டும் என்று இன்று காலை ஜாசின் பாசாரில் ஹருவான் என்கிற விரால் மீன் வாங்கிவந்து, இஞ்சி தட்டிப்போட்டு சூப் வைத்தேன். மூடியைத் திறந்ததும் எழுந்த வாடையில் அங்கே நிற்க முடியவில்லை. அது நீங்கள் படுத்திருந்த வார்டின் வாடை.

தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட சமயம் அது. உங்களுக்கும் ரெம்பியாவிலிருந்து வந்த பெரியவருக்கும் ஒரே வாரத்தில் வயிற்றுப் புற்றுநோய் ஆபரேஷன். அடுத்தடுத்த கட்டில். அவருக்கு அறுபத்தெட்டு வயது, உங்களுக்கு ஐம்பத்து நான்கு. நீங்கள்தான் முதலில் எழுவீர்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாளே அவர் எழுந்து நடந்தார். ஐந்தாம் நாளும் உங்களை உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

டாக்டரிடம் கேட்டேன். கட்டி இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆபரேஷனுக்கு வரும்போது உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சமிருந்தது என்பதில்தான் வித்தியாசம் என்றார். பெரியவர் முந்தின வாரம்வரை சைக்கிள் மிதித்தவர். நீங்களோ ஆறு மாதமாக காஸ்ட்ரிக் மாத்திரையை விழுங்கிக்கொண்டு, பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு, இடுப்பு வாரில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். சேர்த்த அன்று, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார்கள். இரண்டு தடவை முயன்று, என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். விளையாட்டு என்று நானும் சிரித்தேன்.

அதன்பிறகு எனக்கு ஒரே வேலை, பெரியவர் கழிவறைவரை எத்தனை எட்டு வைக்கிறார் என்று பார்ப்பதுதான். பசிக்கிறது என்று அவர் சொன்னால் எனக்கு எரியும். அவருக்கும் ஒருநாள் காய்ச்சல் வரட்டும் என்று நினைத்தேன். வந்தது. மறுநாளே விட்டும்விட்டது, அதற்கும் எரிந்தேன்.

அவர் மனைவி தினமும் ஹருவான் சூப் கொண்டுவருவார். உங்களுக்கும் ஒரு கிண்ணம் நீட்டியபோது, நீங்கள் மீன் சாப்பிடுவதில்லை என்றேன். கண்ணை மூடிக் கிடந்த நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

“ஏன் பொய் சொல்ற? அவரு நடந்தா நடந்துட்டுப் போறாரு லா. வாங்கிக் குடு.”

மூன்று கரண்டி குடித்தீர்கள். அதற்குமேல் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் புண் முழுதாக ஆறவில்லை. நுரையீரலில் சளி கட்டியது. இருமக்கூட உங்களுக்குத் தெம்பில்லை. தீபாவளிக்கு முன்பே போய்விட்டீர்கள்.

கருமாதி முடிந்து, சூப் கொண்டுவந்த அந்த அக்கா பஸ் பிடித்து வந்தார். பெரியவர் தோட்டவேலையே செய்கிறாராம். என்னால் அடக்க முடியவில்லை.

“ஒங்க வீட்டுக்காரரு நடக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரிஞ்சிச்சுக்கா.”

“தெரியும்மா,” என்றார். “நீ பாக்கறப்ப நான் அவர மெதுவா நடக்கச் சொல்லுவேன்.”

அதைக் கேட்டபிறகாவது அந்த எரிச்சல் போயிருக்க வேண்டும். போகவில்லை. விறுவிறுவென்று பஸ் ஏறும் கிழவர் யாரைப் பார்த்தாலும் இன்றும் எரிகிறது. கூடவே மனைவியும் இருந்தால் இன்னும் அதிகமாக. அவர்கள் இருவரும் பத்திரமாக உட்காரும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அதன்பிறகே நான் ஏறுகிறேன்.